ஏழரண் குழந்தைகளுக்கான விதிகள்

1

இந்தக் கதை எங்கள் வீட்டு கிரைண்டர் சத்தத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையில் உட்கார்ந்து யோசித்த கதை என்று பிறகு யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில், கோயிலின் வெளி மதிலை ஒட்டி எங்கள் வீடு. அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். சாயங்காலம் நான் மாவைப் பாக்கெட்டில் ஊற்றுவேன், தங்கை கனிஷ்கா பாக்கெட்டின் வாயைச் சுருட்டி ரப்பர் போடுவாள், அம்மா வாசலில் விற்பாள். கிரைண்டர் ஓடும்போது ஒருவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். எங்கள் வீட்டில் தனி அறை கிடையாது. அந்தச் சத்தம்தான் எங்களுக்கு அறை.

கனிஷ்கா எட்டாவது படிக்கிறாள். நான் ஒன்பதாவதில் நின்றுவிட்டேன். [ஏன் என்பது இந்தக் கதைக்குத் தேவையா என்று தெரியவில்லை. தேவைப்பட்டால் பிறகு வரும்.]

ஒரு நாள் அவள், "அக்கா, கை கடுக்குது. எதாச்சும் கதை சொல்லேன்" என்றாள்.

"பேய்க்கதையா?"

"பேயெல்லாம் போன வருஷத்தோட சரி. இல்லாத ஊர்க் கதை சொல்லு. ஆனா அந்த ஊர்ல ரூல்ஸ் இருக்கணும். ரூல்ஸ் இல்லாத ஊர்னு சொன்னா எனக்கு நம்பிக்கையே வராது."

அப்படித்தான் ஏழரண் வந்தது.

2

வாயால் சொல்லும்போது எளிதாக வந்தது. எழுத உட்கார்ந்தபோது முதல் வரி வரவில்லை. வந்தவற்றை அடிக்காமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

முன்னொரு காலத்தில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு தீவு இருந்தது. அந்தத் தீவில்

[இதைக் கேட்டதும் கனிஷ்கா சிரித்தாள். "இது நம்ம ஊருதானே. அந்தப் பக்கம் காவேரி, இந்தப் பக்கம் கொள்ளிடம். யார ஏமாத்துற?"]

ஏழரணின் குழந்தைகள் பேசத் தொடங்கும் முன்பே பாடத் தொடங்கிவிடுவார்கள். ஏனென்றால் அவர்களுடைய விதிகள் எல்லாம்

[இது அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன்.]

முதல் வரி இல்லாமலே தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

ஏழரணுக்கு ஏழு சுவர்கள். ஒன்றுக்குள் ஒன்று, வெங்காயம் மாதிரி. முதல் சுவருக்குள் ஊரே இருந்தது. மாமரங்கள், மாடுகள், சந்தை, பள்ளிக்கூடம், ஆற்றைப் பார்க்க ஒரு வாசல். குழந்தைகள் எல்லாரும் அங்கேதான் பிறந்து, அங்கேதான் ஓடித் திரிந்தார்கள்.

அந்த ஊரில் ஒட்டன் என்று ஒன்று உண்டு. அதற்குச் சொந்தமாக நிழல் கிடையாது. மற்றபடி பார்க்க ஆளைப் போலவே இருக்கும். வேட்டி கட்டும், சந்தையில் பேரம் பேசும், பெரியவர்களைக் கண்டால் கும்பிடு போடும். ஒரு குழந்தை நடந்து போனால் பின்னால் வந்து, அதன் நிழலில் காலை வைத்து நிற்கும். அவ்வளவுதான் செய்யும். ஆனால் மிதிபட்ட நிழல் சில்லிட்டுவிடும். அந்தக் குளிர் மெல்ல மெல்ல ஆளுக்குள் ஏறும். அப்புறம் அந்தக் குழந்தைக்கு மாம்பழம் இனிக்காது. ஓடினால் வியர்க்காது. பின்னாலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடம்பு கல்லாகிவிடும்.

ஆகவே ஏழரணில் தினமும் காலையில் குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் பாடவைப்பார்கள்:

அந்தியில் ஆற்றைப் பார்க்காதே,
அந்நியர் தந்தால் தின்னாதே,
நிழலை எவரும் மிதித்துவிட்டால்
நெஞ்சில் வைக்காதே, சொல்லிவிடு.*

சொன்ன குழந்தையை ஊர் கைவிடாது. அதுதான் ஏழரணின் பெருமை. சொன்ன அன்றைக்கே மேளம் வரும், மாலை வரும். "நல்ல பிள்ளை, சொன்னாளே" என்று பெண்கள் கன்னத்தைத் தடவுவார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அடுத்த சுவருக்குள் விட்டு, கதவைச் சாத்துவார்கள். அங்கே ஆறு தெரியாது. அங்கேயும் குளிர்கிறது என்று குழந்தை சொன்னால் மூன்றாம் சுவருக்குள். அங்கே மரம் கிடையாது. நான்காவதில் பள்ளிக்கூடம் கிடையாது, பள்ளிக்கூடம் என்றால் முற்றம் வேண்டும், முற்றத்தில் வெயில் விழும். ஏழாவது சுவருக்குள் ஓர் அறை. வேளாவேளைக்கு நல்ல சாப்பாடு, மெத்தை, விசிறி. வெயில் மட்டும் நுழையாது. வெயில் இல்லாத இடத்தில் நிழல் இல்லை. நிழல் இல்லாதவளை யாரால் மிதிக்க முடியும்?

"ஒட்டன என்ன பண்ணுவாங்க?" என்றாள் கனிஷ்கா.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"ஏன்?"

"பாட்டுல அது இல்லயே."

அவள் ஒரு பாக்கெட்டைக் கட்டி முடித்தாள். "கேவலமான ஊரா இருக்கே. கோ-கோ விளையாடுவாங்களா அங்க?"

"முதல் சுவருக்குள்ள மட்டும்."

"அப்ப சரி. நான் அங்கயே இருந்துக்குறேன்."

(* பாட்டில் 'ஒட்டனே, மிதிக்காதே' என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று நினைத்தேன். எதுகை, மோனை எல்லாம் கிடைத்தது. ஆனால் குழந்தைகளுக்கான பாட்டைக் குழந்தைகள்தான் பாடுகிறார்கள். ஒட்டன் பாடுவதில்லை.)

4

மருதி இரண்டாம் சுவரின் வாயில்காவலர் மகள். கனிஷ்காவின் வயது. ஊரில் அவளைப் போல ஓட ஆள் இல்லை. [இவளுக்கு மாய சக்தி எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்தால் நடப்பதெல்லாம் அவள் தப்பாகிவிடும். சக்திதான் இருந்ததே, ஏன் சும்மா நின்றாள் என்று நீங்களே கேட்பீர்கள்.]

அவளுடைய சிநேகிதி தாழை ஒரு நாள் சொல்லிவிட்டாள். மேளம் வந்தது. தாழை மாலையோடு தோளில் உட்கார்ந்து போனபோது திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். முகத்தில் பெருமை. மருதிக்குக்கூடக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. முதலில் சில நாள் சுவரில் காதை வைத்தால் தாழை பாடுவது கேட்டது. பிறகு பாட்டு தூரமாகப் போனது. பிறகு சுவரில் காது வைப்பதையே மருதி விட்டுவிட்டாள்.

பௌர்ணமிக்கு ஆற்று மணலில் ஓட்டப்பந்தயம். ஏழரணின் குழந்தைகள் வருஷம் முழுக்கக் காத்திருப்பது அதற்குத்தான். அதற்குக் கொஞ்சநாள் முன்பு, உச்சி வெயிலில் சந்தையைக் கடந்து போகும்போது மருதியின் குதிகாலில் சில்லென்று ஏதோ ஏறியது. நின்றாள். திரும்பினாள். தலையில் மூட்டையோடு ஒரு ஆள். "வெயிலு கொளுத்துது, பாத்துப் போம்மா" என்று அன்பாகச் சொன்னது. மூட்டைக்கு நிழல் இருந்தது. ஆளுக்கு இல்லை.

மருதி பாட்டைச் சொல்லிப் பார்த்தாள். கடைசிச் சொல்வரை வந்தாள்.

5

மருதியின் அப்பாவை நான் பலமுறை மாற்றினேன். முதலில் கையில் பிரம்போடு வந்தார். கனிஷ்கா, "ரொம்ப ஓவரு" என்றாள். பிறகு பயந்தாங்கொள்ளியாக எழுதினேன். அதுவும் ஒட்டவில்லை. கடைசியில், அவர் என்ன வேலை செய்கிறார் என்று மட்டும் யோசித்தேன். கதவு திறக்கிறவர். அப்படியென்றால் கீலுக்கு எண்ணெய் விடுவார். ஏன் விடுவார்? உள்ளே கொண்டுபோகிற குழந்தை கதவு கிறீச்சிடுவதைக் கேட்டுப் பயந்துவிடக் கூடாது என்பதற்காக.

இதை எழுதியதும் அவர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நல்லவர். கெட்டவராக இருந்தால் மருதி ஓடிப்போயிருக்கலாம், கதை வேறு திசையில் போயிருக்கும். ஒரு துளி எண்ணெயில் அந்த வழி அடைபட்டுவிட்டது.

6

இந்த இடத்தில் கனிஷ்கா ரப்பர் போடுவதை நிறுத்தினாள்.

"அப்ப மருதி சொன்னா ரேஸு போச்சா? ஸ்கூலும் போச்சா?"

"கதைலடி."

"கதைலதான் கேக்குறேன்."

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஸ்கூலுக்குப் போறப்ப பஸ்ல ஒருத்தரு வராரு. காவேரிப் பாலம் ஏறுனதும் என் பின்னாடி வந்து நிப்பாரு. எடம் இருந்தாலும் அங்கதான் நிப்பாரு. நான் நகந்தா அவரும் நகருவாரு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கிப் போயிருவாரு. பாக்க நல்லவரு மாதிரிதான் இருக்காரு. கண்டக்டர்கூட 'வாங்கண்ணே'ம்பாரு."

மாவு பாக்கெட்டின் விளிம்பைத் தாண்டி என் கையில் வழிந்தது.

"பச்சை வயர்கூடை வச்சிருப்பாரா?" என்று கேட்டேன்.

கனிஷ்கா என்னைப் பார்த்தாள். ரப்பரைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப உனக்குப் படிப்பு வராம இல்ல" என்றாள்.

7

தேவைப்பட்டுவிட்டது. சொல்கிறேன்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கு ஒரு மேடம் வந்து பாதுகாப்பு வகுப்பு எடுத்தார். நல்ல மேடம். படம் போட்டுக் காட்டினார். வேண்டாம்னு சொல்லு, விலகிப் போ, நம்பிக்கையான பெரியவங்ககிட்ட சொல்லு என்று எங்களைச் சேர்ந்து சொல்லவைத்தார். அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா ராசப்பன் திருவெறும்பூர் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். வீட்டில் சத்தம் போட்டே பேசமாட்டார். என் எதிரில் உட்கார்ந்து, "நீ ஒரு தப்பும் பண்ணல பாப்பா. சொன்னியே, அதுவே பெரிசு. இனிமே நீ பஸ்ஸே ஏற வேணாம். அப்பா இருக்கேன்ல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவ்வளவு பத்திரமாக நான் அதற்கு முன்பும் உணர்ந்ததில்லை, பின்பும் உணர்ந்ததில்லை. பஸ் ஏற வேண்டாம் என்றால் பள்ளிக்கூடமும் இல்லை என்பது எனக்குப் புரியச் சில நாள் ஆனது.

[ஸ்ரீரங்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அம்மாவும் கேட்டாள். நடு வருஷத்தில் மாற்றினால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார் அப்பா. அடுத்த வருஷம் மாவு வியாபாரம் சூடு பிடித்துவிட்டது.]

[உதவிக்குக் கூப்பிட ஓர் எண் இருக்கிறதே என்றும் கேட்பீர்கள். இருக்கிறது. பள்ளிச் சுவரில் பெரிதாகவே எழுதியிருந்தது. கூப்பிட்டால் வீட்டுக்கு வருவார்கள். வீட்டுக்கு வந்தால் வீதிக்குத் தெரியும்.]

வீதிக்குத் தெரியக் கூடாது என்பதால் எனக்குப் படிப்பு வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்களிடம் சொன்னார்கள், பள்ளியில் சொன்னார்கள், சின்னப் பெண்ணுக்கு எதற்கு இதெல்லாம் என்று கனிஷ்காவிடமும் அதையே சொன்னார்கள். அந்த ஆளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என் பேர் வெளியே வரும். பிறகு கனிஷ்கா ஐந்தாவது முடித்து அதே பள்ளியில் சேர்ந்தாள். அதே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அவளை மட்டும் வேறு பள்ளியில் போட்டால் ஏன் என்று கேட்பார்களே. அவள் துடுக்குக்காரி, கூட்டாளிகளோடு போவாள் என்று தைரியம் சொல்லிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. இந்த வரியை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

8

கனிஷ்கா பள்ளியின் கோ-கோ அணியில் இருக்கிறாள். லால்குடியில் போட்டி வருகிறது. இப்போது வீட்டில் சொன்னால் அவளுடைய காலணியை அம்மா கட்டிப் பரணில் போட்டுவிடுவாள், அன்பாகத்தான். சொல்லாவிட்டால் தினமும் பாலம் வரும்.

"மருதி சொல்றாளா இல்லயா? நீ என்ன எழுதுறியோ அதான்" என்றாள். அவள் விளையாட்டாகப் பேசவில்லை. நான் எழுதுகிற முடிவைத் தன் முடிவாக வைத்துக்கொள்ளத் தயாராக நின்றாள். பேனாவை எடுக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன்.

முடிவு அ. மருதி சொல்கிறாள். மேளம் வருகிறது. அப்பா கதவைத் திறக்கிறார். கதவு சத்தமே போடவில்லை.

முடிவு ஆ. மருதி சொல்லவில்லை. பௌர்ணமி மணலில் ஓடி முதலாவதாக வருகிறாள். ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது. பரிசாகக் கொடுத்த மாம்பழத்தைக் கடிக்கிறாள். அது

முடிவு இ. ஏழரணின் குழந்தைகள் எல்லாரும் ஒரே நாளில் சொல்லிவிடுகிறார்கள். மேளம் போதவில்லை, மாலை போதவில்லை, உள்ளறைகள் போதவில்லை. வெளிச்சுவருக்குள் ஒரு குழந்தையும் மிச்சமில்லை என்று ஆனபோது பெரியவர்கள் முதல்முறையாகத் தெருவில் இறங்கி, யாருக்கு நிழல் இல்லை என்று தேடத் தொடங்குகிறார்கள்.

இது எனக்குப் பிடித்திருந்தது. படித்துக் காட்டினேன்.

"நல்லாருக்கு. ஆனா எல்லாரும் ஒரே நாள்ல எப்படி சொல்லுவாங்க? யாராச்சும் ஒருத்தி மொதல்ல சொல்லணும்ல. அவள உள்ள தூக்கிட்டுப் போயிருவாங்களே."

அவள் சொன்னது சரி.

முடிவு ஈ. உள்ளே போன தாழை ஒரு நாள் கதவைத் தள்ளிப் பார்க்கிறாள். எண்ணெய் விட்ட கதவு. திறந்துவிடுகிறது. அவள் வெளியே வந்து மருதியோடு சேர்ந்து

இதை எழுதி முடிக்காமல் எழுந்துவிட்டேன். எழுதுவதற்கு முன்னால் செய்துபார்க்கலாம் என்று தோன்றியது.

9

கோ-கோ சார் பெரியவங்க யாராவது வந்து கையெழுத்துப் போடச் சொன்னார் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, காலையில் கனிஷ்காவோடு பஸ் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். சின்ன வாக்கியம்தான். வாயில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தேன்.

பாலம் ஏறியதும் வந்தார். முடி நரைத்திருந்தது. கூடை மட்டும் அதேதான். நான் கனிஷ்காவுக்குப் பின்னால், இருவருக்கும் நடுவில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவருடைய செருப்பு வார்கூட ஞாபகம் இருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றார், மரியாதையாக.

பஸ்ஸில் பூக்கூடைக்காரம்மா இருந்தார், கல்லூரிப் பையன்கள் இருந்தார்கள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் இருந்தார். நான் வாயைத் திறந்தேன். "நீங்க" என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பஸ் போகிற சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

நான் தள்ளிப்போகவில்லை. அதனால் அவர் நகர்ந்தார். முன்னால் போய் வேறொரு குழந்தைக்குப் பின்னால் நின்றுகொண்டார். வேறு பள்ளிச் சீருடை, ரெட்டைச் சடை, நீல ரிப்பன். அவள் கம்பியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அப்போது எனக்கு வந்தது நிம்மதி. முதலில் அதுதான் வந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதையும் எழுத எனக்கு உரிமை இல்லை.

திரும்பி வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு இரண்டாம் ஷிப்ட்.

"எதுக்கு பாப்பா வெயில்ல அலையுற? கையெழுத்துன்னா அப்பாகிட்ட சொன்னா நான் போயிட்டு வரமாட்டேனா?"

"சும்மாதாம்ப்பா."

"நாளைக்கும் போகணுமா? பஸ்ல எதாச்சும் பிரச்சனையா? எதுவானாலும் சொல்லும்மா."

அவர் குரலில் அத்தனை கனிவு. நான் உண்மையைச் சொன்னால், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கனிஷ்கா மாவுப் பாத்திரத்துக்கு அந்தப் பக்கம் என் எதிரில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுவாள்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

10

லால்குடி போட்டிக்குப் புறப்படுகிற காலையில் கனிஷ்கா நிலைப்படியில் குந்தி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே டப்பாவில் லெமன் சாதம் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிவு எழுதிட்டியா?"

"இல்லடி."

"இவ்ளோ நாளாவா? கதை எழுதத் தெரியாதவ. நான் சொல்லவா?" லேஸை இழுத்து முடிச்சுப் போட்டாள். "மருதிக்குப் பழகிப்போச்சு. அவ்ளோதான். சுபம்னு போட்டுரு."

"என்னடி பழகிப்போச்சு?"

"பழகிரும்க்கா. நான் இப்பல்லாம் பாலம் வந்தா மனசுக்குள்ள வாய்ப்பாடு சொல்லிக்கிறேன். பதினாறாம் வாய்ப்பாடு கொஞ்சம் கஷ்டமா, அதுல திக்கி முடிக்கிறதுக்குள்ள சத்திரம் வந்துரும்." எழுந்து, குதித்துப் பார்த்தாள். "இப்ப கணக்கு டீச்சரே என்னைப் பாராட்டுறாங்க."

சிரித்தாள். டப்பாவை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு, "போயிட்டு வரேன்மா" என்று வீதியில் இறங்கி ஓடினாள். நல்ல ஓட்டம்.

அவள் சொன்ன முடிவை நான் எழுதவில்லை. [மேலே எழுதியிருக்கிறாயே என்பீர்கள். அது அவள் பேசியது. கதையின் முடிவு அல்ல.] வேறு முடிவும் என்னிடம் இல்லை. இதுவரை படித்த உங்களிடம் அதைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். மருதியைப் பற்றி எழுதுங்கள், அல்லது நீல ரிப்பன் கட்டின அந்தப் பிள்ளையைப் பற்றி, யாராக இருந்தாலும் சரி. நீளமாக வேண்டாம். ஒரே வரி போதும். அந்த வரியில் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும், அந்த ஆள் பஸ்ஸில் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே வரியில் வைக்க எனக்குத் தெரியவில்லை.